புளூஸ் இசைவிழாவும் பல்லேகமக் காவற்குடிற் பாட்டும்

2023ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில், மும்பை நகரின் பாந்திராப் பகுதியில் நடைபெற்ற மகீந்திரா புளூஸ் இசைவிழாவுக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. திரும்பி வந்ததும் பழைய மாணவ நண்பர் சிலர், "தேவாரமும் நாதசுரமும் கேட்டு வளர்ந்த உமக்கு அங்கே என்ன வேலை? அப்படி என்னதான் கேட்டீர்?" என்று வினவினர். வேடிக்கையாக வினவினாராயினும் வினா நியாயமானதே. அதற்கு வாயால் விடை சொல்ல முயன்றேன். பாதியிலே பேச்சு வேறெங்கோ போய்விட்டது. ஆதலின், நம் கல்லூரி மலருக்கு ஏதேனும் எழுதுக என்று கேட்கப்பட்டபோது அவ்விடையையே எழுத்தில் வடிக்கத் துணிந்தேன். சங்கீத சாத்திரத்திற் புலமையுடையேனல்லேன். கேள்வி ஞானமே என் முதல்.

புளூஸ் என்பது ஆங்கிலத்தில் நீல நிறத்தைக் குறிக்குஞ் சொல்லின் அடியாகப் பிறந்து, மனத்தை அழுத்துந் துயரைக் குறிக்க வந்து, ஈற்றில் அத்துயரைப் பாடும் இசைக்கே பெயராயிற்று. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள், ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி இதனை உருவாக்கினர். மிசிசிப்பி ஆற்றின் வண்டற் சமவெளி இதன் தாயகங்களுள் முதன்மையானது. அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆயினும் பருத்திக் காடு ஒழியவில்லை. நிலம் வெள்ளை முதலாளிக்கு உரியது, உழைப்பவன் வாரக்குடி. விதையும் உணவும் முதலாளியின் கடையிற் கடனுக்கு வாங்கல் வேண்டும். ஆண்டு முடிவிற் கணக்குப் பார்க்கும்போது விளைச்சலிற் கிடைத்த பங்கு கடனுக்கே போதாது. கடன் தீராமல் நிலத்தை விட்டுப் போகவும் இயலாது.

மாத்தளைப் பகுதியிற் பிறந்த எவரும் இவ்விடத்திற் சற்று நின்று சிந்திப்பர் என எண்ணுகின்றேன். நம் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. தொழிலாளி இன்ன தொகை கடன்பட்டிருக்கின்றான், அதனைத் தீர்ப்பவர் அவனை அழைத்துச் செல்லலாம் என்று எழுதிய சீட்டு அது. 1921ஆம் ஆண்டிலேதான் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடன் என்னும் கயிறு பருத்திக் காட்டிலும் கோப்பித் தோட்டத்திலும் ஒரே வகையாகவே திரிக்கப்பட்டிருக்கின்றது. இரண்டையும் இணைக்கும் வரலாற்று நூலொன்றும் உண்டு. பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்குஞ் சட்டம் 1833இல் நிறைவேறியபின் மேற்கிந்தியத் தீவுகளிற் கோப்பிச் செய்கை தளர்ந்தது. அந்த இடத்தை நிரப்ப இலங்கையின் மலைக் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. மன்னார்க் கரையிலிறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளை கடந்து மாத்தளையை அடைந்த நம் முன்னோர் அக்கோப்பிக்காகவே வந்தவர்கள். வழியில் மாண்டவர் பலர். அவ்வாறு வந்தோரின் நினைவோடு பிணைந்ததே மாத்தளை முத்துமாரியம்மன் வழிபாடும்.

இனி இசைக்கு வருவோம். புளூஸின் கட்டமைப்பு மிக எளியது. அந்த எளிமையே அதன் வலிமை. நாலு எண்ணிக்கை கொண்ட ஆவர்த்தனம் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு சுற்று. ஆக நாற்பத்தெட்டு எண்ணிக்கை. பெரும்பாலும் ஒவ்வோர் எண்ணிக்கையும் உள்ளே மூன்றாகப் பிளந்து ஒலிப்பதனால், நம் திஸ்ர நடையின் அசைவு அதிலே தோன்றும். பாட்டுக்கு மூன்று அடிகள். ஒவ்வோர் அடிக்கும் நான்கு ஆவர்த்தனம். முதலடியும் இரண்டாமடியும் ஒன்றே, மூன்றாமடி விடை. நாமே ஒன்று கட்டிப் பார்க்கலாம். "கடைசி வண்டியும் போயிற்று, மழையும் பிடித்துக்கொண்டது" என்று ஒருமுறை பாடுக. அதனையே மறுமுறையும் பாடுக. பின்பு, "கையிலிருந்த கடிதத்தில் விலாசமுங் கரைந்துபோயிற்று" என்று முடிக்குக. இவ்வளவே.

ஏன் இருமுறை பாடுகின்றார்கள் என்று கேட்கலாம். பாடுகின்றவன் அந்த நேரத்திலேயே மூன்றாமடியைத் தேடுகின்றான் என்பது ஒரு காரணம். இன்னொன்று, இரண்டாமுறை பாடும்போது கீழே நிற்குஞ் சுருதித் தொகுதி மாறிவிடுகின்றது. முதலடிக்கு ஷட்ஜத்தின்மேல் எழுந்த தொகுதி துணை நிற்கும். இரண்டாமடி தொடங்கும்போது அத்தொகுதி மத்தியமத்திற்கு இடம்பெயர்ந்து, இரண்டு ஆவர்த்தனங்களின் பின் வீடு திரும்பும். மூன்றாமடி பஞ்சமத்தில் ஏறி, மத்தியமத்தில் இறங்கி, ஷட்ஜத்தில் வந்து அமரும். ஆகவே சொல் ஒன்றாயினும் நிலம் வேறு. அதே வாசகம் முதலிற் செய்தியாகக் கேட்கின்றது. மறுமுறை முறையீடாகக் கேட்கின்றது. இதனை உணர்ந்துகொண்டவருக்குப் புளூஸ் சலிக்காது. உணராதவருக்கு எல்லாப் பாட்டும் ஒரே பாட்டுத்தான். நானும் ஆதியில் அவ்வாறு சொல்லித் திரிந்தவனே.

அடியொன்று நான்கு ஆவர்த்தனங்களுக்கு உரியதென்றேன். பாடுவோர் ஏறக்குறைய முதலிரண்டினுள் அடியைப் பாடி முடித்துவிடுவர். மீதி இரண்டும் வெற்றிடமன்று. அங்கே கித்தார் விடை சொல்லும். வயலில் ஒருவர் குரலெடுக்க மற்றையோர் எதிர்க்குரல் கொடுத்த வேலைப் பாட்டின் மரபு அது. துணைக்கு ஆளில்லாத தனியன், தன் கித்தாரையே துணையாளாக்கிக்கொண்டான்.

நம்மவர் செவிக்கு மிக அணுக்கமானது இதன் சுர வழக்கு. மேலைநாட்டுப் பியானோவில் ஒவ்வொரு சுரமும் தனித்தனிக் கட்டையிற் பூட்டப்பட்டிருக்கும். இரண்டு கட்டைக்கு நடுவே சுரமில்லை. புளூஸ் பாடுவோரோ அந்த நடுவிடத்திலேயே வாழ்கின்றனர். கீழே அந்தர காந்தாரம் ஒலித்துக்கொண்டிருக்க, பாடுபவர் சாதாரண காந்தாரத்திலிருந்து மெல்ல ஏறி, இரண்டுக்கும் இடையில் நின்று குரலை அசைப்பார். நிஷாதத்திற்கும் பஞ்சமத்திற்கும் இவ்வாறே நிகழும். இவற்றையே 'நீலச் சுரங்கள்' என்பர். கமகமென்று சொல்லிவிட மாட்டேன். கமகத்துக்கு இலக்கணமும் இராக வரம்பும் உண்டு. ஆயினும் சுரத்தை ஒரு புள்ளியாகக் கொள்ளாமல் ஒரு வழியாகக் கொள்ளும் மனப்பாங்கு இருபாலார்க்கும் பொது. கித்தாரிலே போத்தற் கழுத்தையோ உலோகக் குழலையோ விரலில் மாட்டித் தந்தியின்மேல் வழுக்கி வாசிப்பாருமுளர். சித்திர வீணையைக் கேட்டவர்க்கு அது புதுமையாகத் தோன்றாது. மிசிசிப்பி மாநிலத்தின் டட்வைலர் புகையிரத நிலையத்திலே, ஏழை ஒருவன் கத்தியைத் தந்தியில் அழுத்தி இவ்வாறு வாசித்ததைத் தாம் கேட்டதாக, டபிள்யூ. சி. ஹாண்டி என்னும் இசையறிஞர் பிற்காலத்தில் எழுதினார். 1903ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது அது. 1912இல் அவர் அச்சிட்ட 'மெம்பிஸ் புளூஸ்' இவ்விசையை ஊரறியச் செய்தவற்றுள் ஒன்று. 1920இல் மேமி ஸ்மித் அம்மையார் பாடிய இசைத்தட்டு பெருமளவில் விற்பனையானபின், கறுப்பின மக்களின் பாட்டுக்கு விலை உண்டென்று இசைத்தட்டு நிறுவனங்கள் கண்டுகொண்டன.

பின்னர்த் தென்னாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் வடபுலத் தொழில் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். பாட்டும் உடன் சென்றது. சிக்காக்கோவின் இரைச்சல் மிகுந்த மதுச்சாலைகளில் மரக் கித்தாரின் ஒலி எடுபடவில்லை. மின்சாரக் கித்தார் அவ்விடத்தைப் பிடித்தது. தோட்டமொன்றில் உழைத்துக்கொண்டிருந்த மடி வோட்டர்ஸ் 1943இல் அந்நகரை அடைந்து அங்குள்ள இசைக்கே புதுவடிவு தந்தார். 1984 முதல் அந்நகரில் ஆண்டுதோறும் புளூஸ் பெருவிழா நடைபெற்று வருகின்றது. பொதுமக்களுக்கு அனுமதி இலவசம். பாரதத்திலே இத்தகைய விழா மும்பையில் 2011இல் தொடங்கிற்று.

இனி விழா. மெகபூப் படப்பிடிப்புக் கூடம் 1954ஆம் ஆண்டில் திரைப்பட இயக்குநர் மெகபூப்கான் அமைத்தது. அத்தகைய கூடத்தின் கூரை உயர்ந்தது, சுவர் தடித்தது, வெளியோசை உள்ளே வாராது. இசைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு மேடையில் நிகழ்ச்சி முடிய மற்றொன்றில் தொடங்கும். கூட்டம் அங்குமிங்குமாக நகரும். வரிசையாக நாற்காலி போட்டு முன்வரிசையைப் பிரமுகர்க்கு ஒதுக்கும் வழக்கம் நமக்குண்டு. அங்கே பெரும்பாலார் நின்றே கேட்டனர். வயதேறியவர்கள் சுவரோரம் இடம்பிடித்துக்கொள்ளுதல் நன்று. ஒலி மிக உரத்தது. செவிக்குப் பஞ்சு கொண்டுபோகும்படி சிலர் அறிவுரை கூறுவர். திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கிக் குழாயின் கீழ்நின்று பழகிய நம்மவர்க்கு அது கட்டாயமன்று.

அவ்வாண்டு கேட்டவர்களுள் பட்டி கை என்பவரைப் பற்றி மட்டும் விரித்துரைக்க விரும்புகின்றேன். லூயிசியானா மாநிலத்தில் வாரக்குடிக் குடும்பமொன்றில் 1936இல் பிறந்தவர். சிறுவயதிற் பருத்தி எடுத்தவர். கித்தார் வாங்க வழியின்றி, கம்பி இரண்டை இழுத்துக் கட்டித் தாமே செய்த கருவியில் வாசிக்கப் பழகியவர். 1957இற் சிக்காக்கோ சென்றார். வீட்டைவிட்டுப் புறப்படும்போது நோயுற்றிருந்த தாயாரைத் தேற்றும் பொருட்டு, புள்ளி போட்ட பெரிய மோட்டார் வண்டியில் திரும்பி வருவேன் என்று பொய்யாக வாக்களித்தாராம். அது நிறைவேறுமுன் தாயார் மறைந்தார். அதன் நினைவாகவே புள்ளி போட்ட சட்டையும் புள்ளி போட்ட கித்தாரும் அவருக்கு அடையாளமாயின. 2011ஆம் ஆண்டு முதல் விழாவிலும் வாசித்த அவர், 2023இல் எண்பத்தாறு வயதில் மீண்டும் அம்மேடையில் ஏறினார். விடைபெறும் பயணம் என்று அறிவித்துவிட்டு உலகைச் சுற்றத் தொடங்கிய ஆண்டு அது.

அவர் கையாண்ட உத்திகளுள் ஒன்றை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். பேரொலியாய் வாசித்துக்கொண்டிருப்பவர் சட்டென்று ஒலியைத் தாழ்த்துவார். மேலும் தாழ்த்துவார். ஈற்றில் தந்தியை விரல் தொடுகின்றதா இல்லையா என்று ஐயுறும் அளவுக்குச் சென்றுவிடுவார். ஆயிரக்கணக்கானோர் நிறைந்த கூடம் மூச்சை அடக்கி நிற்கும். பிறகு ஒரேயொரு சுரம் இடிபோல் விழும். இசைத்தட்டிலே இதனைக் கேட்டிருக்கின்றேன். ஆனால் தட்டில் ஒலி தாழும்போது நாம் விசையைத் திருகி உயர்த்திவிடுகின்றோம். நேரிலே அது இயலாது. நாமே முன்னோக்கிச் சாயவேண்டும். அருகில் நிற்பவரின் மௌனமும் அங்கே இசையின் ஒரு பகுதியாகின்றது. நேரிற் சென்று கேட்பதன் பயன் யாதென்பார்க்கு இதுவே என் விடை.

கேட்போரும் வாளாவிருப்பதில்லை. நல்ல அடி விழுந்ததும் குரல் கொடுப்பர்; பாடுபவர் கேள்வி கேட்டால் விடை சொல்வர். தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் கோர்வை தீர்மானத்தில் விழும்போது கோயில் வீதியிற் கூட்டம் ஆர்ப்பரித்ததை நேரிற் கண்ட முதியோர் நம்மிடையே இன்னுமுளர். அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் மொழி விளங்காவிடினும் எப்போது தலையசைப்பதென்று விளங்கும். விழாவின் நிறைவில் பற்பல குழுவினர் ஒரே மேடையில் ஏறி, முன்னேற்பாடின்றி ஒருவர்க்கொருவர் இடம்விட்டு வாசிக்கும் வழக்கமும் அங்குண்டு. நம் கோயில்களில் நாதசுர தவிற் குழுக்கள் பல கூடிச் 'சமா' வைப்பதை அது நினைவூட்டிற்று. பன்னிரண்டு ஆவர்த்தனக் கட்டு எல்லார்க்கும் பொதுவென்பதனால், முன்பின் அறியாதவரும் உடனே கூடிக்கொள்ள இயலுகின்றது. எளிய கட்டமைப்பின் பயன் இதுவுமாம்.

இத்தனையும் கேட்டு நின்றபோது என் மனம் அடிக்கடி பல்லேகமவுக்குப் போய்வந்தது. காரணம் உண்டு. நக்கிள்ஸ் மலைத்தொடரின் வடகிழக்கு அடிவாரத்திலுள்ள அவ்வூரில் அரசாங்க உத்தியோகத்தனாய்ச் சிலகாலம் கடமையாற்றினேன். சிங்கள மக்கள் வாழும் ஊர். நெல்லும் சேனைப் பயிரும் செய்பவர்கள். சேனை விளையும் பருவத்தில் யானையும் பன்றியும் இரவில் வந்து அழிக்கும். ஆகவே மரக்கிளையிலோ கால்நாட்டிய பரணிலோ குடில் கட்டி, ஆடவர் ஒருவர் இரவெல்லாம் விழித்திருப்பார். உறக்கத்தையும் அச்சத்தையும் விரட்டுதற்கு அவர் பாடுவதே 'பெல் கவி', காவற்குடிற் பாட்டு. குரலை நீட்டி, ஈற்றில் வழுக்கி இறக்குவார். இவர் பாடி நிறுத்தியபின் இருளில் நெடுந்தொலைவிலுள்ள மற்றொரு குடிலிலிருந்து வேறொருவர் எதிர்ப்பாட்டுப் பாடுவதும் உண்டு. பொருள்? மனைவி மக்களை வீட்டில் விட்டுவந்த தனிமை, பனி, பசி, யானை. மிசிசிப்பிப் பருத்திக் காட்டிலே தனித்து நின்றவன் எழுப்பிய நெடுங்குரலுக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. ஆயினும் இரண்டையும் கேட்டவன் இரண்டையும் வேறுபடுத்தத் தடுமாறுவான்.

அப்பழைய பல்லேகம இன்று இல்லை. மொரகஹகந்த–களுகங்கைத் திட்டத்தின் கீழ்க் களுகங்கை மறிக்கப்பட்டு, 2018இல் நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியது. (களுத்துறையிற் கடலோடு கலக்கும் களுகங்கை வேறு, இது அம்பன் கங்கையின் கிளையாறு.) கடைவீதியும் வயல்களும் நீருக்குள்ளாயின. அரச பணிமனைகளும் குடிமக்களும் மேட்டிலே புதுநகருக்குப் பெயர்ந்தனர். வட மத்திய மாகாண வயல்களுக்கு நீர் வேண்டும் என்பது உண்மை. புதிய வீடுகள் பழையவற்றினும் உறுதியானவை என்பாரையும் கண்டேன். அணையைக் குறைகூற இக்கட்டுரை எழுந்ததன்று.

ஆனால் ஒன்று. 1927இல் மிசிசிப்பி ஆறு கரையுடைத்துப் பல இலட்சம் மக்களைப் பெயர்த்தது. இரண்டாண்டின் பின் சார்லி பாட்டன் அவ்வெள்ளத்தைப் பாடி இசைத்தட்டாக்கினார். எந்த ஊர் மூழ்கிற்று, எவர் எங்கே ஓடினார் என்பதை அவர் வாயால் இன்றுங் கேட்கலாம். பெசி ஸ்மித் அம்மையாரின் வெள்ளப் பாட்டு அதற்குச் சற்று முன்னரே, வேறொரு வெள்ளத்தை ஒட்டிப் பதிவாயிற்று. எனினும் மக்கள் அதனைத் தம் வெள்ளத்தின் பாட்டாகவே ஏற்றுக்கொண்டனர். பல்லேகம மூழ்கியதைப் பாடிய பெல் கவி ஒன்று உண்டா என்று நான் பலரிடம் வினவினேன்.

நம் தோட்டப் பாட்டின் நிலையும் பெரிதும் வேறன்று. 1930களில் கோ. நடேசையரும் அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையாரும் தொழிலாளர் துயரைச் சிந்தாகக் கட்டித் தோட்டங்களிற் பாடிப் பரப்பினர். சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அத்தொகுப்பு 1983இல் நூலாயிற்று. நூல் கிடைத்தது நம் நற்பேறு. ஆயின் நூலிலே சொல் உண்டு, குரல் இல்லை. எந்தச் சொல்லில் மூச்சு வாங்கினாள், எந்த இடத்திற் சுரம் வழுக்கிற்று, தப்பு எங்கே புகுந்தது என்பன அச்சில் ஏறா. மாசி மாதத்துக் காமன் கூத்து மாத்திரம் சில தோட்டங்களில் இன்னும் ஆளும் தப்பும் கூடி நடைபெறுகின்றது. இரதியின் புலம்பலை விடியற்காலத்திற் குளிரில் நின்று கேட்டவர்கள், நேரிற் கேட்பது யாதென்பதை அறிய மும்பைக்குச் செல்லவேண்டியதில்லை. நம் கல்லூரி மாணவர்கள் கையிலே இப்பொழுது ஒலிப்பதிவுக் கருவி இருக்கின்றது; தொலைபேசியே அது. அடுத்த மாசியில் இருவர் மூவராகப் புறப்பட்டால் ஒரே இரவிற் செய்துமுடிக்கத்தக்க வேலையிது. பாடுபவரின் பெயர், தோட்டத்தின் பெயர், நாள் ஆகிய மூன்றையும் மறவாது குறித்துக்கொள்ளல் வேண்டும்.

மும்பையிலிருந்து திரும்பிய சில மாதங்களின் பின் புதுநகருக்குச் சென்றேன். முன்பு எனக்குப் பழக்கமான முதியவர் ஒருவர் அங்கே குடியேறியிருந்தார். பழைய நாளில் அவர் சேனைக் காவலுக்குப் போனவர். பெல் கவி ஒன்று பாடுமாறு வேண்டினேன். வீட்டுத் திண்ணையில் மின்விளக்கின் கீழ் அமர்ந்து இரண்டு கவி பாடினார். குரல் நன்றாகவே இருந்தது. மூன்றாவதை எடுத்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். "மாத்தையா, இங்கே யானை வருவதில்லை. அந்தப் பக்கத்திலிருந்து பாடவும் ஆளில்லை," என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பின்பு என்ன நினைத்தாரோ, விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு அதே கவியை முதலிலிருந்து தொடங்கினார்.